காடி வெட்டும் வட்ட ரம்பமும்

புத்தக அலமாரி ஒன்றை அருகிற் சென்று நோக்குவோர், அதன் தட்டுகள் ஆணியின் வலிமையால் மட்டும் நிற்கவில்லை என்பதைக் காண்பர். நல்ல தச்சன் செய்த அலமாரியாயின், பக்கப் பலகையின் உட்புறத்தில், மரத்தின் நார்களுக்குக் குறுக்காக, தட்டின் கனத்துக்குச் சரியான அகலத்தில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். தட்டின் முனை அப்பள்ளத்துள் சென்று அமர்ந்திருக்கும். புத்தகங்களின் பாரம் ஆணியின் மீது இறங்காமல் பள்ளத்தின் கீழ் விளிம்பின் மீது இறங்கும். இப்பள்ளத்தைத் தமிழ்த் தச்சர் காடி என்பர். காடி என்றதும் புளித்த கஞ்சியை நினைப்போர் உண்டு. இது வேறு சொல்.

இங்கிலாந்துத் தச்சர் இப்பொருத்தை 'ஹவுசிங்' என்று வழங்கினர். தட்டின் முனைக்கு வீடு கொடுத்தல் என்பது அதன் கருத்து. அமெரிக்கத் தச்சர் 'டேடோ' என்றனர். இத்தாலிய மொழியில் டேடோ என்றால் பகடைக்காய். தூண் நிற்கும் பீடத்தின் சதுரக் கட்டைக்கு அப்பெயர் முதலில் வந்தது. பின்பு சுவரின் கீழ்ப்பகுதிக்கு வந்தது. கடைசியில் மரத்தில் வெட்டும் பள்ளத்துக்கும் வந்து சேர்ந்தது. சூதாட்டக் கருவியின் பெயர் இவ்வேலைக்கு வாய்த்தது தற்செயலே. ஆயினும் பிற்காலத்தில் இயந்திரத்தின் முன் நின்று காடி வெட்டியவர்களின் வரலாற்றைப் படிப்போர்க்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும்.

கையால் காடி வெட்டுவது மெல்ல நடக்கும் வேலை. தச்சன் பலகையின் மீது கூரிய கத்தியால் இரு கோடுகள் கீறுவான். கோட்டை ஒட்டிக் கைரம்பத்தால் வேண்டிய ஆழம் வரை அறுப்பான். இரு சுவர்களுக்கும் நடுவே நிற்கும் மரத்தை உளியால் தட்டி எடுப்பான். அடித்தளத்தைச் சமன் செய்வதற்கென்று ஒரு சிறு கருவி உண்டு. ஒரு மரக்கட்டையின் நடுவிலிருந்து ஒற்றை உளி கீழே நீண்டிருக்கும். அதன் தோற்றத்தைக் கண்ட ஆங்கிலத் தொழிலாளர் அதற்குக் 'கிழவியின் பல்' என்று பெயரிட்டனர். காடிக்கென்றே தனி இழைப்புளியும் இருந்தது. அதன் இரும்புக்கு முன்னால் இரு சிறு கத்திகள் நார்களைக் கீறிக்கொண்டே செல்லும். பின்னால் சாய்வாக அமைந்த இரும்பு கீறிய பகுதியை மட்டும் வழித்தெடுக்கும். இவ்வேலையில் கை தவறினால் விரலில் கீறல் விழும். விரலே போய்விடுவது மிக அரிது. கருவியின் விசை முழுதும் தச்சனின் தோளிலிருந்து வருவது. கை நின்றால் கருவியும் நின்றுவிடும்.

வட்ட ரம்பத்தை முதலிற் கண்டவர் யார் என்ற வினாவுக்குப் பல ஊர்களில் பல விடைகள் உண்டு. இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர் 1777 ஆம் ஆண்டில் காற்றாலையால் இயங்கும் மரமறுக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஆவணத்தில் வட்ட ரம்பம் போகிற போக்கில் குறிக்கப்படுகிறது. புதுமை என்று சிறப்பிக்கப்படவில்லை. ஆகவே அக்காலத்தில் அது அறிந்த பொருளாகவே இருந்திருக்க வேண்டும் என்று கருதுவோர் உளர். அதே வட்டாரத்தில் கடற்படைக்குக் கப்பி செய்து கொடுத்த வால்டர் டெய்லரின் பட்டறையிலும் வட்ட ரம்பங்கள் ஓடின. அமெரிக்காவில் ஷேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த தபிதா பாபிட் என்ற பெண்மணி 1813 இல் நூற்கும் சக்கரத்தைக் கண்டு இதனை எண்ணியெடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை இனியது. ஆனால் இங்கிலாந்தில் அதற்கு முன்னரே ரம்பம் சுழன்றுகொண்டிருந்தது என்பதில் ஐயமில்லை.

இவ்வரலாற்றில் ஆழ்ந்து நோக்கத்தக்கவர் சாமுவேல் பெந்தாம். தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாமின் தம்பி இவர். ரஷ்யாவில் பணிபுரிந்து திரும்பிய இவர், 1791 ஆம் ஆண்டிலும் 1793 ஆம் ஆண்டிலும் மரவேலை இயந்திரங்களுக்குக் காப்புரிமைகள் பெற்றார். இரண்டாவது ஆவணம் மிக விரிந்தது. நடுவில் பிளவுள்ள மேசை, அப்பிளவின் வழியே மேலெழுந்து சுழலும் ரம்பம், பலகையை ஒட்டிச் செலுத்த இணையான வழிகாட்டிக் கட்டை ஆகியவை அதில் விவரிக்கப்படுகின்றன. இன்றைய மேசை ரம்பத்தின் உருவம் பெரும்பாலும் அங்கேயே தோன்றிவிட்டது எனலாம்.

இவ்வியந்திரங்கள் யாருக்காக எண்ணப்பட்டன என்பதை மறந்துவிடலாகாது. அண்ணன் ஜெரமி, 'பனாப்டிகன்' என்னும் புதுமுறைச் சிறைச்சாலை ஒன்றைக் கட்ட முயன்றுகொண்டிருந்தார். அச்சிறையின் கைதிகள் உழைத்துப் பொருளீட்ட வேண்டும் என்பது திட்டம். கைதிகளோ தச்சுத் தொழில் அறியாதவர். ஆகவே தொழில் அறியாத கைக்கும் வேலை செய்து கொடுக்கும் இயந்திரம் வேண்டியிருந்தது. லண்டனில் ஜெரமியின் வீட்டிலேயே தம்பியின் இயந்திரங்கள் நிறுத்தி இயக்கிக் காட்டப்பட்டன. சிறை கட்டப்படவில்லை, இயந்திரங்கள் கடற்படைக்குப் போய்ச் சேர்ந்தன.

போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நடந்தது உலகறிந்தது. பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்குப் பாய்மரக் கயிறுகளை இழுக்க ஏறத்தாழ 1,000 கப்பிகள் தேவைப்பட்டன. பெந்தாமின் ஆதரவில் மார்க் புரூணல் என்பவர் கப்பி செய்யும் இயந்திர வரிசை ஒன்றைத் திட்டமிட்டார். ஹென்றி மாட்ஸ்லி அவற்றை வார்த்தும் கடைந்தும் கொடுத்தார். 45 இயந்திரங்கள் அங்கே நின்றன. 1808 ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் வெளிவந்தன. 110 தொழிலாளர் செய்த வேலையை 10 பேர் செய்தனர். அந்தப் பத்துப் பேரும் கைதேர்ந்த தச்சராக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. இந்தக் கணக்கைப் பொருளாதார நூலார் வியந்து எழுதுவர். திறமையைக் கையிலிருந்து எடுத்து இயந்திரத்தில் வைத்த அம்முறை, எச்சரிக்கையையும் கையிலிருந்து எடுத்துவிட்டதா என்று கேட்டவர் அக்காலத்தில் மிகச் சிலரே.

வட்ட ரம்பத்தின் ஆபத்து அதன் கூர்மையில் மட்டும் இல்லை. 10 அங்குல விட்டமுள்ள ரம்பம் நிமிடத்துக்கு 4,000 முறை சுழலுமாயின், அதன் பல்முனை மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். மேசையின் முன்பக்கத்துப் பற்கள் கீழ்நோக்கி இறங்குவதால் பலகையை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கத்துப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட பலகையின் இரு பகுதிகளும் உள்ளழுத்தத்தால் நெருங்கி ரம்பத்தின் பின்பக்கத்தைக் கவ்வினாலும், பலகை சிறிது திரும்பி அப்பற்களின் மீது சாய்ந்தாலும், அவை பலகையைத் தூக்கி, வேலை செய்பவரை நோக்கி வீசி எறிந்துவிடும். பலகை பறக்கும் அந்த நொடியில் அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை எங்கே செல்லும் என்பதை எவரும் முன்கூட்டி உரைக்க முடியாது. இதனைத் தடுக்கவே ரம்பத்தின் பின்னால் நேர்கோட்டில் ஓர் இரும்புத் தகட்டை நிறுத்தினர். அறுபட்ட பிளவுக்குள் அது நுழைந்து நின்று, இரு பகுதிகளும் நெருங்காமல் காக்கும். அதனைப் பிளவுக் கத்தி எனலாம்.

பிரிட்டனில் 1922 ஆம் ஆண்டில் மரவேலை இயந்திரங்களுக்கென்று தனி ஒழுங்குவிதிகள் பிறந்தன. அவ்விதிகளை எழுதியவர்கள் பட்டறையின் தரையில் நின்று பார்த்தவர்கள் என்பது வரிக்கு வரி தெரிகிறது. மேசைக்குக் கீழே ரம்பத்தின் இருபுறமும் தகடுகள் வேண்டும். பிளவுக் கத்தி உறுதியாய் நிற்க வேண்டும். மேசை மட்டத்தில் அதற்கும் பற்களுக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. 24 அங்குலத்துக்குக் குறைந்த ரம்பமாயின் அதன் உச்சிக்கு ஓர் அங்குலம் வரை கத்தி உயர வேண்டும். ரம்பத்தின் தலைக்கு மூடி வேண்டும். கையால் மரம் செலுத்தும் ஒவ்வொரு மேசையிலும் தள்ளுகோல் ஒன்று இருக்க வேண்டும். அறையின் வெப்பம் 50 பாரன்ஹீட் பாகைக்குக் கீழே போகலாகாது என்றும் ஒரு விதி உண்டு. குளிரில் மரத்துப்போன விரல் ரம்பத்தின் அண்மையை உணராது. வெப்பநாட்டில் வாழ்வோருக்கு எளிதில் தோன்றாத நுட்பம் இது.

பலகையை இரண்டாகப் பிளக்கும் வேலைக்கு இக்காப்புகள் நன்கு பொருந்தின. காடி வேலையில்தான் சிக்கல் எழுந்தது.

காடியின் அகலம் ரம்பத்தின் கனத்தைவிடப் பெரியது. ஒரே ரம்பத்தால் வெட்டினால் பலகையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பலமுறை ஓட்ட வேண்டும். இதற்கு முதலிற் கண்ட குறுக்குவழி வேடிக்கையானது. அச்சில் ரம்பத்தை நேராக மாட்டாமல், சாய்வான வாஷர்களின் நடுவே கோணலாக மாட்டினர். அது இருபுறமும் தள்ளாடிச் சுழன்று, தன் கனத்தைவிட அகன்ற பள்ளத்தைத் தோண்டியது. ஆங்கிலப் பட்டறைகளில் அதன் பெயர் குடிகார ரம்பம். தள்ளாட்டத்தின் பயனாகக் காடியின் அடித்தளம் சற்றே வளைந்திருக்கும் என்பது அதன் குறை. அமெரிக்காவில் இதனினும் சிறந்த கருவி ஒன்று பரவியது. இரு வெளி ரம்பங்கள் காடியின் இரு சுவர்களை அறுக்கும். அவற்றுக்கு நடுவே மாட்டிய வெட்டுப்பற்கள் இடையிலுள்ள மரத்தைச் செதுக்கி எடுக்கும். நடுப்பற்களைக் கூட்டியும் குறைத்தும் காடியின் அகலத்தை மாற்றலாம். நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டர் நகரில் ஹூதர் சகோதரர் நிறுவனம் செய்து விற்ற காடித்தலை இவ்வகையில் பெயர்பெற்றது. கைத்தச்சன் கத்தியால் கீறி, ரம்பத்தால் அறுத்து, உளியால் எடுத்த மூன்று வேலைகளையும் அக்கருவி ஒரே ஓட்டத்தில் முடித்தது.

ஆனால் பிளவுக் கத்தியும் அதன் தலைமேல் அமர்ந்த மூடியும், பலகை இரண்டாகப் பிளந்தால்தான் அதற்கு வழிவிடும். காடியிலோ பலகை பிளப்பதில்லை. அடியில் மட்டும் பள்ளம் விழுகிறது. பலகை பிளவுக் கத்தியில் முட்டி நின்றுவிடும். எனவே காடி வெட்ட வேண்டுமாயின் பிளவுக் கத்தியையும் மூடியையும் கழற்றி வைத்தாக வேண்டும். வழக்கமான ரம்பத்தைவிடப் பன்மடங்கு அகன்று, மிகுதியான மரத்தைக் கடித்தெடுக்கும் கருவி மாட்டப்படும் அதே வேளையில் காப்புகள் சுவரில் தொங்கும். வேலை முடிந்த பின் அவற்றைத் திரும்ப மாட்டுவதற்குப் பலர் மறந்தனர் என்பது இன்னொரு கேடு. காடிக்காகக் கழற்றிய மூடி, அதன்பின் எல்லா வேலைக்கும் கழன்றே கிடந்தது.

இன்னொரு மயக்கமும் உண்டு. காடி வெட்டும்போது கருவி கண்ணுக்குத் தெரியாது. பலகை அதனை மூடிக்கொண்டிருக்கும். பலகையே காப்பாய் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பலகையின் பின்விளிம்பு கருவியைக் கடக்கும் அந்தக் கணத்தில் சுழலும் பற்கள் திடீரென்று வெளிப்படும். பலகையைப் பிடித்த பெருவிரல் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் இருக்கும்.

இச்சிக்கலுக்கு இரு நாடுகள் இருவேறு விடைகள் கண்டன. பிரிட்டனின் 1974 ஆம் ஆண்டு விதிகள் காடியைத் தனியே எடுத்து ஆராய்ந்தன. மேசைக்கு மேல் தெரியும் ரம்பமோ வேறு வெட்டுக்கருவியோ பயனுள்ள முறையில் மூடப்பட்டாலன்றி, வட்ட ரம்ப இயந்திரத்தில் காடி, கழுந்து முதலியன வெட்டலாகாது என்பது அவ்விதியின் சாரம். வழக்கமான மூடி பொருந்தாதெனில் பொருந்தும் மூடியைச் செய்துகொள் என்றது சட்டம். அவ்வாறே மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பலகையை அழுத்தும் கட்டைகளால் சுரங்கம் போன்ற காப்பை அமைத்து, அதனூடே பலகையைத் தள்ளினர். பின்னர் 1998 ஆம் ஆண்டின் பொதுவிதிகள் அந்த இடத்தைப் பெற்றன. மின்விசையை நிறுத்தியபின் ரம்பம் 10 நொடிக்குள் ஓய வேண்டும் என்ற தடைக்கருவி நெறியும் வலுப்பெற்றது. காடித்தலையோ கனமானது, விரைந்து தடுத்தால் தன் சுழற்சி வேகத்தால் அச்சின் நட்டையே தளர்த்திவிடக்கூடும். ஐரோப்பாவில் விற்கும் மேசை ரம்பங்கள் பலவற்றின் அச்சு, காடித்தலை ஏறாதபடி குட்டையாகச் செய்யப்பட்டது இதனோடு தொடர்புடையது. காடித்தலையே ஐரோப்பாவில் சட்டவிரோதம் என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. சட்டம் தடுப்பது மூடியில்லாத, விரைந்து நில்லாத கருவியை, காடியை அன்று.

அமெரிக்காவில் வரலாறு வேறு திசையில் சென்றது. 1917 ஆம் ஆண்டின் ஸ்மித் - ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்கு நடுவண் அரசின் பணத்தை வழங்கியது. 1939 இல் டெல்டா நிறுவனம் வெளியிட்ட யூனிசா போன்ற மேசை ரம்பங்கள் பள்ளித் தச்சுக்கூடங்களிலும் வீட்டுப் பட்டறைகளிலும் இடம்பெற்றன. அச்சு நீளமாகவே இருந்தது. காடித்தலை எளிதில் ஏறியது. பாதுகாப்பு பெரும்பாலும் ஆசிரியரின் வாய்ச்சொல்லையும் மாணவனின் கவனத்தையும் நம்பி நின்றது. பெந்தாம் தொழிலறியாதார்க்கென்று எண்ணிய இயந்திரம், தொழிலறிவை மிகுதியாகக் கேட்கும் ஒரு வேலையோடு சிறுவர் கையில் வந்து சேர்ந்தது.

ஆகவே அந்த வாய்ச்சொல் என்னவாக இருந்தது, இன்றும் என்னவாக இருக்கிறது என்பதை அறிதல் தகும். முதலில் மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது. நடுப்பற்கள் ஒன்றையொன்றும் வெளி ரம்பங்களின் பற்களையும் தொடாதபடி சற்றுத் திருப்பி மாட்ட வேண்டும். நட்டின் புரிகள் முழுவதும் அச்சைப் பற்ற வேண்டும். பற்றாவிடின் காடித்தலையின் அகலத்தைக் குறைத்து, இருமுறை ஓட்டிக் காடியை முடிப்பதே அறிவுடைமை. கருவியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி மேசையின் வாய்த்தகட்டில் அது உரசவில்லை என்று கண்ட பிறகே மின்சாரம். முதல் வெட்டு கழிவுப் பலகையில். முக்கால் அங்குலப் பலகையில் கால் அங்குல ஆழம் பெரும்பாலும் போதும். மிக ஆழமான காடியைப் படிப்படியாகவே எடுக்க வேண்டும்.

குறுகிய முனையை வழிகாட்டிக் கட்டையில் ஒட்டி நீண்ட பலகையைத் தள்ளுவது கூடாது. பலகை திரும்பினால் கருவி அதனைப் பிடுங்கிக்கொள்ளும். பலகையைக் குறுக்கே தாங்கிச் செல்லும் சறுக்குச் சட்டம் வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பலகையைத் துண்டாக அறுக்கும்போது சறுக்குச் சட்டத்தையும் வழிகாட்டிக் கட்டையையும் சேர்த்துப் பயன்படுத்தலாகாது என்பது தச்சுக்கூடத்தின் முதற்பாடம். அறுபட்ட துண்டு ரம்பத்துக்கும் கட்டைக்கும் நடுவே சிக்கிப் பறக்கும். காடியில் துண்டு எதுவும் விழுவதில்லை. ஆதலின் இங்கு இரண்டையும் சேர்க்கலாம். காரணம் அறியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் இவ்விடத்தில் திகைப்பான்; காரணம் அறிந்தவன் இரு வேலைகளையும் அச்சமின்றிச் செய்வான்.

பலகை மேலெழாதபடி சீப்புப் போன்ற விரல்கள் வெட்டிய மரத்துண்டை அழுத்தமாக அமைக்க வேண்டும். கை எந்நிலையிலும் வெட்டுக் கோட்டின் மேல் செல்லலாகாது. சறுக்குச் சட்டத்தின் பின்புறம் கனமான கட்டை ஒன்றைப் பொருத்தினால், கருவி பலகையைக் கடந்து வெளிவரும்போது அக்கட்டைக்குள் ஒளிந்துகொள்ளும், விரலுக்கு எட்டாது. விளிம்பு வரை செல்லாமல் நடுவிலே நிற்கும் காடியை, சுழலும் கருவியின் மீது பலகையை இறக்கித் தொடங்கும் வழக்கம் சிலரிடம் இருந்தது. அதனினும் கொடிய வழக்கம் இவ்வேலையில் இல்லை. அத்தகைய காடிக்கு உளியும் கிழவியின் பல்லுமே இன்றும் ஏற்றவை. மின்சாரத்தால் ஓடும் ரவுட்டரும் உதவும்.

இத்தனை அறிவுரைக்குப் பின்னும் விபத்துகள் நின்றபாடில்லை. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டின்படி 2015 ஆம் ஆண்டில் மட்டும் மேசை ரம்பக் காயத்துக்காக மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தவை ஏறத்தாழ 33,400. அவற்றுள் 4,700 அளவில் உறுப்பிழப்புகள். இவை எல்லா வகை வெட்டுகளும் சேர்ந்த தொகை. காடியினால் மட்டும் வந்தவை அல்ல.

1999 ஆம் ஆண்டில் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த இயற்பியலாரும் காப்புரிமை வழக்கறிஞருமான ஸ்டீவ் காஸ் புதிய வழியொன்றை எண்ணினார். ரம்பத்தில் மெல்லிய மின்குறி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். மரம் தொட்டால் அக்குறி பெரிதும் மாறாது. நீர்ச்சத்து மிக்க மனித உடல் தொட்டால் மாறும். மாறிய கணத்தில் அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து பற்களில் புதைந்து, ஓர் நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் ரம்பத்தை நிறுத்திவிடும். விரலில் பெரும்பாலும் சிறு கீறலே மிஞ்சும். இக்கருவி பொருத்திய மேசை ரம்பங்கள் 2004 முதல் விற்பனைக்கு வந்தன. இக்காப்பு மூடியைப்போல் ரம்பத்தின் மேல் நிற்பதில்லை. மேசைக்கு அடியில் இருக்கிறது. ஆகவே காடி வெட்டுவதற்காக அதனைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை.

ஆயினும் காடித்தலை அங்கும் தனி மரியாதையைக் கேட்டுப் பெற்றது. 10 அங்குல ரம்பத்துக்கு உரிய தடைக்கட்டை, 8 அங்குல விட்டமும் பெருங்கனமும் உடைய காடித்தலைக்குப் போதாது. அதற்கென்று அகன்ற தடைக்கட்டை தனியே செய்யப்பட்டது. அலமாரிக்குக் காடி வெட்ட முனையும் தச்சன், ரம்பத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் மேசைக்கு அடியில் கைவிட்டு அத்தடைக்கட்டையையும் மாற்றிய பிறகே மின்கம்பியைச் செருகுகிறான்.